லோடு வண்டியின் பிரேக்: கம்பெனிப் பாகமா, பட்டறைப் பாகமா?



சரக்கு வாங்குவதில் நம்மை ஏமாற்றுவது எளிதல்ல. துவரம் பருப்பில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு, பழைய சரக்கா புதுச் சரக்கா என்று சொல்லி விடுகிறோம். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் உடனே கண்ணில் படுகிறது. ஆனால் அதே பருப்பையும் மிளகையும் சுமந்து வரும் வண்டிக்கு ஒரு பிரேக் பாகம் வாங்கும்போது மட்டும் நமது அனுபவம் எல்லாம் எங்கோ போய் விடுகிறது. பட்டறைக்காரர் எதை எடுத்து மாட்டுகிறாரோ அதற்குத் தலையாட்டி, பில்லும் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்து விட்டு வருகிறோம்.

மொத்த வியாபாரிகள் பலரிடமும், ஓரளவு பெரிய மளிகைக் கடைக்காரர்களிடமும் இன்று சொந்தமாக ஒரு சிறிய லோடு வண்டி உள்ளது. 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்த பிறகு இந்த வழக்கம் பெருகியது. வாங்கிய முதல் வருடம் வண்டி வந்தபடியே ஓடும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றங்கள் தொடங்கும். பக்கப் பலகையை உயர்த்துவோம், ஸ்பிரிங்கில் பட்டை சேர்ப்போம், கடைசியில் பிரேக்கில் கை வைப்போம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். நடந்ததை முதலில் சொல்லி விடுகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மலை இறக்கத்தில்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக் கடைகளுக்கு வாரம் இரண்டு நடை அரிசி, எண்ணெய், சர்க்கரை அனுப்புவது எங்கள் வழக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். திரும்பும்போது வாழைத்தாரோ அன்னாசியோ கிடைத்ததை ஏற்றி வருவார்கள். இரண்டு நடையை ஒரே நடையாக்கினால் டீசல் மிச்சம் என்று கணக்குப் போட்டு, பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டோம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்றுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினோம்.

சில வாரங்களில் டிரைவர் வந்து, "முதலாளி, எறக்கத்துல பிரேக்கு பத்தலீங்க. மிதிச்சாலும் நிக்கறதுக்கு ரொம்ப தூரம் போகுதுங்க" என்றார். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் லாரி வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். "பின்னாடி வீல் சிலிண்டர் சின்னதுங்க. பெரிய வண்டியோடது ஒரு ஜோடி நம்மகிட்ட கெடக்குது. தகட்டுல ஓட்டைய அகலப்படுத்தி மாட்டிக் குடுத்தர்றனுங்க. உள்ள போடற ரப்பரையும் நாமளே வெட்டிக்கலாம். கம்பெனி வெலைல பாதிகூட ஆகாதுங்க" என்றார். பாதி விலை என்ற சொல் காதில் விழுந்ததும் நாங்கள் வேறு எதையும் கேட்கவில்லை.

முதல் பத்து நாட்கள் பிரேக் கடித்துப் பிடித்தது. டிரைவருக்கும் திருப்தி. ஒரு நாள் காலி வண்டியுடன் சேந்தமங்கலம் அருகே தூறலில் மிதித்தபோது பின்பக்கம் வழுக்கி, வண்டி பாதி திரும்பி நின்றது. "புது பிரேக் அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களே சமாதானம் சொன்னோம். அடுத்த மாதம் மலையிலிருந்து இறங்கும்போது, பாதி தூரம் வந்த நிலையில் பெடல் தரைவரை போய் விட்டது. மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறை கொண்டதாக இருந்ததால் முன் சக்கரங்களில் மட்டும் ஓரளவு பிடி இருந்தது. டிரைவர் பதறாமல் கியரைக் குறைத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சரிவின் ஓரத்தில் வண்டியை உரசி நிறுத்தினார். மேலே சரக்கோடு உட்கார்ந்திருந்த இரண்டு சுமைப் பையன்களுக்கும் சிராய்ப்புடன் போயிற்று. அவர்களைச் சரக்கோடு உட்கார வைத்தது எங்கள் இன்னொரு தவறு.

பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே முழுவதும் பிரேக் ஆயில் கசிந்து, லைனிங் ஊறிப் போயிருந்தது. பட்டறையில் வெட்டிப் போட்ட ரப்பர் உப்பிக் குழைந்து, விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது.

மூன்று மில்லி மீட்டர் செய்யும் வேலை

பட்டறைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கை வேலையும் சுத்தமாகவே இருந்தது. பிசகியது கணக்கு. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பிரேக் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் போகிறது. ஆனால் ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு விசை கிடைக்கும் என்பது அங்குள்ள சிலிண்டரின் பரப்பளவைப் பொறுத்தது. 19 மி.மீ. சிலிண்டரை எடுத்து விட்டு 22 மி.மீ. சிலிண்டர் போட்டால், வித்தியாசம் மூன்றே மி.மீ. என்று தோன்றும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடி விடுகிறது. அது மட்டுமா? அந்தப் பெரிய சிலிண்டரை நிரப்ப ஆயிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான். ஆகவே பெடல் முன்பைவிடக் கீழே இறங்கும். கசிவு ஏதும் இல்லாமலே, அவசரத்துக்கு என்று கையிருப்பில் இருந்த பெடல் தூரத்தில் ஒரு பகுதியை நாம் செலவழித்து விட்டோம்.

பின் சக்கரம் வழுக்கியதற்கும் இதுவே காரணம். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் முன் பிரேக்குக்கு அதிக வேலையும், பின் பிரேக்குக்குக் குறைந்த வேலையும் தருகிறார்கள். பின்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால், காலி வண்டியில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக் கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் வண்டி நேராகச் சறுக்கும். பின் சக்கரம் பூட்டினால் வண்டி சுழன்று விடும்.

பட்டை சேர்ப்பதிலும் ஒரு மறைமுகக் கோளாறு உண்டு. சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியுடன் சிறிய வால்வு இருக்கும். பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைத்து விடும். கூடுதல் பட்டை போட்டால் ஸ்பிரிங் முன்பு போல அமுங்காது. வண்டி நிறையப் பாரம் இருந்தும், காலி வண்டி என்று எண்ணி வால்வு பின் பிரேக்கைக் குறைத்து விடும். தராசின் அடியில் யாரோ ஒரு கட்டையைச் செருகியது போலத்தான். முள் காட்டுவதை நம்பி நாம் வியாபாரம் செய்து கொண்டிருப்போம்.

மலை இறக்கத்தில் பிரேக்குக்கு எவ்வளவு வேலை என்பதையும் பார்ப்போம். மொத்தம் 1,550 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், வெளியேற வேண்டிய சக்தி சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. கல்யாண வீட்டு அண்டா ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் பெரும் பகுதியை என்ஜின் வாங்கிக் கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் ஏறக்குறைய அத்தனையும் டிரம்மிலும் டிஸ்கிலும் சூடாக இறங்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்காரர்களின் பாடம்

இதே கேள்வி வெளிநாடுகளில் வேறொரு கூட்டத்துக்கு எழுகிறது. அங்கே அதிக பாரத்துக்காக அல்ல, அதிக வேகத்துக்காகக் காரின் பிரேக்கை மாற்றுகிறார்கள். வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு என்பதால், அவர்களுக்கும் பிரேக் பற்றாக்குறைதான்.

ஜப்பானிய மாஸ்டா கம்பெனி 1989-இல் மியாட்டா என்ற இரண்டு பேர் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் என்ஜின் 1.6 லிட்டர். முன் பிரேக் டிஸ்கின் விட்டம் 235 மி.மீ. 1994 மாடலில் 1.8 லிட்டர் என்ஜின் வந்தபோது, கம்பெனி முன் டிஸ்கை 255 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கியது. முன்னால் பெரிதாக்கியதோடு விடாமல் பின் டிஸ்கையும் 231-லிருந்து 251 மி.மீ. ஆக்கியது. பழைய மியாட்டா வைத்திருப்பவர்களில் பலர், பிந்தைய மாடலின் டிஸ்க்குகளையும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுகளையும் முன்னும் பின்னும் சேர்த்து வாங்கிப் பழைய காரில் பொருத்துகிறார்கள். போல்ட் துளைகள் பொருந்துகின்றன. சக்கரமும் இடிப்பதில்லை. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள விகிதத்தைக் கம்பெனியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த பாகமாக இருந்தாலும், அந்தக் கணக்கும் கூடவே வருகிறது.

இன்னொரு சாரார் வேறு வழியில் போகிறார்கள். வேறொரு காரின் நான்கு பிஸ்டன் காலிப்பரை வாங்கி, அதைத் தாங்க அலுமினியத் தகட்டில் தாங்களே பிராக்கெட் வெட்டி மாட்டுகிறார்கள். பார்ப்பதற்கு மிகவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் பிராக்கெட் ஒரு மி.மீ. விலகினாலும் காலிப்பர் கோணலாக உட்காரும். பேட் ஒரு பக்கம் தேயும். பிஸ்டன் பரப்பு கூடினால், எங்கள் வண்டிக்கு ஏற்பட்டது போலவே பெடல் கீழே இறங்கும். முன்பக்கம் மட்டும் பலமானால் பின் பிரேக் சும்மா இருக்கும், நிற்கும் தூரம் எதிர்பார்த்தபடி குறையாது. இப்படிச் செய்து வெற்றி பெற்றவர்களும் உண்டு. அவர்கள் பிஸ்டன் பரப்பைக் கணக்கிட்டு, மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்ப மாற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பல முறை சோதித்துப் பார்த்த பின்பே சாலைக்கு வருகிறார்கள். நமது பட்டறையில் வேலை முடிந்ததும் தெருமுனை வரை ஒரு ரவுண்டு, அவ்வளவுதான்.

எதைப் பட்டறையில் செய்யலாம்?

கம்பெனிப் பெட்டியில் வராதது எல்லாம் ஆகாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. லாரி பாடி கட்டுவதற்குப் பெயர் பெற்ற நாமக்கல்லில் இருந்து கொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. கணக்கைத் தொடாத வேலைகளைப் பட்டறையில் தாராளமாகச் செய்யலாம். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் அடிப்பது காலங்காலமாக நடக்கும் தொழில். நல்ல கம்பெனி லைனிங்கை, அந்த ஷூவுக்கு உரிய அளவில் வாங்கி ரிவிட் அடித்தால் குறை ஒன்றும் இல்லை. டிரம் உள்ளே வரி விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம். அதற்கும் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று பெரும்பாலான டிரம்மில் அச்சிட்டே இருப்பார்கள். அதைத் தாண்டிக் கடைந்தால் டிரம் மெலிந்து, சூட்டில் விரியும், வெடிக்கும். வெடித்த வார்ப்பு டிரம்மை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிரேக் குழாயில் நிறைய விளையாட்டு நடக்கிறது. வண்டியில் வரும் குழாய் இரட்டைச் சுவர் கொண்ட எஃகுக் குழாய். அதே எஃகுக் குழாயை வாங்கி, உரிய கருவியால் முனையை இரட்டையாக மடித்துப் பொருத்தத் தெரிந்தவர் செய்தால் சரிதான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கிடைக்கும் செம்புக் குழாயை வளைத்துப் போடுவது எளிது. ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி, வளைவில் விரிசல் விடும்.

ரப்பர் பாகங்களைப் பொறுத்தவரை எங்கள் முடிவு உறுதியானது: பட்டறையில் வெட்டிய ரப்பர் வேண்டாம். காரணம் ஒன்றே. எந்த ரப்பர் என்பது கண்ணுக்குத் தெரியாது. என்ஜின் எண்ணெய்க்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும் நைட்ரைல் ரப்பர் பிரேக் ஆயிலில் உப்பி விடும். பிரேக் ஆயிலுக்கு உரிய ரப்பரோ, ஒரு சொட்டு என்ஜின் எண்ணெய் பட்டாலே உப்பும். ஆகையால்தான் அவசரத்துக்கு என்று பிரேக் டப்பாவில் என்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றி விட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்றியே ஆக வேண்டும்.

எந்தப் பெட்டியில் வாங்குவது?

கம்பெனிப் பாகம் என்றாலே விலை அதிகம் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. வண்டி செய்யும் கம்பெனிகள் பிரேக்கை எல்லாம் தாங்களே செய்வதில்லை. பிரேக் தொழிலில் தனியாக உள்ள கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்துகின்றன. நமது சென்னையிலேயே 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. லைனிங் செய்வதற்கென்றே தனிக் கம்பெனிகளும் அங்கே உள்ளன. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் பாகத்துக்கும், அதைச் செய்து கொடுத்த பிரேக் கம்பெனி தன் சொந்தப் பெட்டியில் விற்கும் பாகத்துக்கும் தரத்தில் வித்தியாசம் இல்லாத சந்தர்ப்பங்கள் பல. விலையில் மட்டும் வித்தியாசம் இருக்கும். மொத்தக் கொள்முதலுக்கும் சில்லறைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? பாக எண்ணைக் குறித்துக் கொண்டு இரண்டு கடையில் விசாரித்தாலே போதும்.

பயப்பட வேண்டியது, நல்ல கம்பெனியின் பெயரில் வரும் போலியைக் கண்டுதான். நமது அலமாரியிலேயே பிரபலமான டீத்தூள் பாக்கெட்டின் போலி வந்து உட்கார்ந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அதே கண்ணோடு பாருங்கள். அச்சு மங்கலா? பெட்டியில் உள்ள எண்ணும் பாகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? ஜி.எஸ்.டி. பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறுகிறதா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிரேக் ஆயில்: நமக்குத் தெரிந்த சங்கதி

மழைக் காலத்தில் உப்புச் சாக்கைத் திறந்து வைத்தால் என்னவாகும் என்று நம் கடைப் பையனுக்குக் கூடத் தெரியும். பிரேக் ஆயிலும் அதே குணம் கொண்டது. காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்று குறித்த ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. மலை இறக்கத்தில் சூடேறிய சக்கரத்தருகே ஈரம் ஏறிய ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு போல இறங்கி விடும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் குமிழ் மறைந்து பெடல் பழையபடி வந்து விடும். பட்டறையில் பார்த்தால் "ஒண்ணும் கோளாறு இல்லீங்க" என்பார்கள். டிரைவர் பொய் சொல்கிறார் என்று முதலாளி நினைப்பார். டிரைவர் சொல்வதுதான் உண்மை.

ஆகவே சிறிய டப்பாவாக வாங்குங்கள். மூடி திறந்த டப்பாவை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றாதீர்கள். வண்டியுடன் வந்த கையேட்டில் சொன்ன காலத்தில் ஆயிலை முழுவதும் மாற்றி, காற்று எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லி விடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்த உரிமையாளருக்கு அனுமதி இல்லை. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் ரூ. 20,000; மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ. 2,000. விபத்து நடந்த பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, பொருந்தாத சிலிண்டரையும் கூடுதல் பட்டையையும் படம் எடுத்தால் நாம் என்ன பதில் சொல்வது?

எங்கள் வண்டியில் கூடுதல் பட்டைகளைக் கழற்றி விட்டோம். துளையை அகலப்படுத்திய தகடுகளோடு சேர்த்துப் பின் பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. லைனிங், ஹோஸ், ஆயில் எல்லாம் புதிது. முதலில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைப் போலப் பல மடங்கு செலவு. கொல்லிமலைக்குப் பழையபடி வாரம் இரண்டு நடை போகிறது. காலையில் சாவி வாங்கும்போது டிரைவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். ஓட்டிப் போவதற்கு முன் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். மெல்ல இறங்கினால் வண்டி அன்று கிளம்பாது, சரக்கு வாடகை வண்டியில் போகும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் அப்படி நின்றது. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருந்தது. வாடகைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அன்று கடையில் யாரும் பேசவில்லை.